உறையில் எழுதாத பெயர்

எங்கள் ஊர்க் குடும்ப டாக்டர் ஒருவருக்குச் சென்ற மாதம் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. பேசிய ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொல்லி நெகிழ்ந்தார்கள்: "சீட்டே எழுத மாட்டாரு. டப்பாவுல இருந்து நாலு மாத்திரைய எடுத்து மடிச்சுக் குடுப்பாரு. மறுநாள் எழுந்து வேலைக்குப் போயிடலாம்." மூவருக்கும் கைதட்டல். 2017இல் ‘மெர்சல்’ படம் வந்த பிறகு, ஐந்து ரூபாய் டாக்டர்கள் மீது நமக்கிருந்த அன்பு இன்னும் கூடியிருக்கிறது. அந்த அன்பில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் சீட்டு எழுதாததை ஒரு மருத்துவரின் பெருமைகளில் சேர்த்துப் பேசும்போது என்னால் கைதட்ட முடியவில்லை. அரசு மருத்துவமனையில் முப்பது ஆண்டு மருந்தாளுநராக இருந்தவன் நான்.

இந்த வழக்கத்தில் நல்லது இருக்கிறது. நூறு, நூற்றைம்பது ரூபாயில் வைத்தியமும் மருந்தும் முடிந்துவிடுகின்றன. மெடிக்கலில் பில்லைப் பார்த்து மலைத்து, பாதி மாத்திரை போதும் என்று வாங்கிப் போகும் நிலை கூலிக்காரருக்கு வருவதில்லை. பாட்டிக்கு அல்சர், பேத்திக்கு இளைப்பு என்று அந்த டாக்டருக்குத் தெரியும். பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் இந்தப் பரிச்சயம் கிடைக்காது. இவ்வளவையும் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு மாத்திரையைப் போட்டுக் கொடுக்கும் அந்த உறையைப் பார்க்கிறேன். கிளினிக்கின் பெயர், டாக்டரின் பட்டம், காலை மாலை நேரம், ஞாயிறு விடுமுறை, கைபேசி எண் எல்லாம் அச்சாகியிருக்கும். மூன்று வேளைக்குக் கட்டம் போட்டு டிக் அடித்திருக்கும். உள்ளே இருப்பது என்ன மருந்து என்பதற்கு மட்டும் அதில் இடமே இருக்காது.

அதன் விளைவை நான் பார்த்தது மருந்து கொடுக்கும் ஜன்னலில். ஒரு மூதாட்டி உள்ளங்கையில் மூன்று மாத்திரைகளைப் பரப்பிக் காட்டி, "இந்தச் சின்ன வெள்ளை தீந்துபோச்சு சாமி, இதே மாதிரி குடு" என்பார். சின்ன வெள்ளை மாத்திரை என்று எத்தனையோ இருக்கின்றன. அரிப்புக்குக் கொடுப்பதும் சின்ன வெள்ளைதான், சர்க்கரைக்கும் அப்படி உண்டு, டெக்சாமெத்தசோனும் அப்படித்தான். அட்டையிலிருந்து பிரித்துவிட்டால் மாத்திரைக்கு ஊரும் பேரும் இல்லை. முட்டிவலி பறந்துவிட்டது, பசி எடுக்கிறது, முகம் கொஞ்சம் பூரித்திருக்கிறது என்று அவர் சந்தோஷமாகச் சொல்லும்போதுதான் எனக்குப் பயம் வரும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவரின் அடையாளங்கள் அவை.

முக்கால் மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஐந்து மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்குச் சமம். அதைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால், உடல் தானாகச் சுரக்கும் கார்ட்டிசாலைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ, நிறுத்திய பின் கடுமையான காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தாலோ, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்பு மெலிவதும் சர்க்கரை ஏறுவதும் தனி. நடுராத்திரியில் அந்த மூதாட்டியைத் தூக்கி வரும்போது, பணியிலிருக்கும் இளம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" மகன் உறையை நீட்டுவான். அதில் ஞாயிறு விடுமுறை என்று இருக்கும்.

ஸ்டீராய்டு கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மருந்து அது. பெயர் சொல்லாமல் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். கடுமையாகவே சொல்கிறேன்: கைராசி என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி, நோயாளிக்குச் சொல்லப்படாத ஸ்டீராய்டின் வேலை. பெயரை எழுதியிருந்தால் அந்த ராசி பாதியாகக் குறைந்திருக்கும்.

ஆபத்து ஸ்டீராய்டோடு நிற்பதில்லை. பிரஷருக்கு எனலாப்ரிலும் கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிற ஒருவர், முதுகுவலிக்கு வேறொரு டாக்டரிடம் ஒரு செட் மாத்திரை வாங்குகிறார். அதில் டைக்ளோஃபினாக் இருக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிபடும், வயதானவருக்கு இன்னும் சீக்கிரம். பெயர் எழுதியிருந்தால் மருந்துக்கடைக்காரரே தடுத்திருப்பார். பெயர் இல்லாதபோது கவனிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் சுற்றியிருந்தும் பயனில்லை.

இதற்கு டாக்டர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். "எழுதிக் குடுத்தா அதையே காட்டிக் கடையில வாங்கித் தின்னுக்கிட்டே இருப்பாங்க. பக்கத்து வீட்டுக்கும் குடுப்பாங்க." உண்மைதான், நடக்கிறது. ஆனால் சீட்டில்லாமல் கடைக்காரர் விற்பதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கவேண்டும் என்று 2013இல் எச்1 பட்டியலே வந்தது. கடைக்காரரின் குற்றத்துக்கு நோயாளியை இருட்டில் வைப்பது என்ன நியாயம்? தன் நோயாளிக்கு மருத்துவர் உரிமம் இல்லாமல் மருந்து கொடுக்க விதிவிலக்கு அளிக்கும் அதே மருந்து விதிகள், சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டிய எச் பட்டியல் மருந்து என்றால் பெயர், அளவு, நோயாளி, தேதி எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதச் சொல்கின்றன. விதிவிலக்கு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பதிவேட்டை நான் எந்தக் கிளினிக்கிலும் கண்டதில்லை.

இதுதான் நம் பழைய மரபு என்றும் சிலர் வாதாடுகிறார்கள். அந்தக் காலத்து மிக்ஸர் புட்டியை நினைத்துப் பாருங்கள். வேளைக்கு எவ்வளவு என்று பல்பல்லாக வெட்டிய காகிதம் புட்டியில் ஒட்டியிருக்கும். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்துத்தான் கம்பவுண்டர் கலக்கினார். எழுத்து இருந்தது. கம்பவுண்டர் போனதோடு எழுத்தையும் நாம் விட்டுவிட்டோம்.

அட்டையைப் பிரிக்கும்போது பெயரோடு காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் போய்விடுகின்றன. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்தது. மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகள் இறந்திருந்தார்கள். எஸ்.ஆர்-13 என்ற தொகுதி எண்ணை வைத்துத்தான் அந்த மருந்தைத் தேடினார்கள். பெரிய கேனிலிருந்து சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்த மருந்தாக இருந்தால் எந்த எண்ணை வைத்துத் தேடுவது?

அரசு மருத்துவமனையும் சுத்தமில்லை. கூட்டம் அலைமோதும் நேரத்தில் நாங்கள் அட்டையைக் கத்தரிப்போம். பெயர் ஒரு துண்டோடும் தேதி இன்னொரு துண்டோடும் போகும். அது எங்கள் தவறு. ஆனாலும் ஓ.பி. சீட்டில் மருந்தின் பெயர் இருக்கும், அது நோயாளியின் கையில் இருக்கும்.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மருந்தின் ஜெனரிக் பெயரையே எழுதவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதம் நிறுத்திவைத்தது. கம்பெனிப் பெயரா, மூலப்பெயரா என்று நாடே வாதிட்டது. எந்தப் பெயரையுமே எழுதாத கிளினிக்குகளைப் பற்றி அந்த வாதத்தில் நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

பணிக்காலத்தின் கடைசி ஆண்டில் ஒரு கொத்தனார் வந்தார். கீழுதட்டில் ஒரே இடத்தில் மூன்றாவது முறையாகப் புண்ணாகிக் கருத்திருந்தது. ஒவ்வாத மருந்து திரும்பத் திரும்ப உள்ளே போனால் அதே இடத்தில் அப்படி வரும். மூன்று முறையும் காய்ச்சலுக்குப் பொட்டல மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், மூன்றும் வெவ்வேறு கிளினிக்குகளில். சட்டைப்பையில் மிச்சமிருந்த ஒரு வெள்ளை மாத்திரையைத் தோல் மருத்துவரிடம் காட்டினார். அவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனி சாப்பிடக் கூடாத மருந்து என்று ஓ.பி. சீட்டில் சிவப்பு மையில் எழுதினார்: கோட்ரைமாக்சசோல். கொஞ்சம் யோசித்துப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கொத்தனார் சீட்டை மடித்து அதே பையில் வைத்துக்கொண்டு போனார்.