காற்றில்லாத தொம்பை

கருப்பூர் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, அழியவிருந்த கலை மீண்டுவிட்டது என்ற பேச்சு ஓயவில்லை. கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் எழுதும் குடும்பங்களுக்கு நாலு காசு கிடைத்தால் நல்லதுதான். அச்சடித்த போலியைத் தட்டிக்கேட்கவும் ஒரு பிடி உண்டு. கடுக்காயும் பாலும் ஊறிய துணியில், இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பைத் தொட்டு எழுதும் கைகளை நானும் கும்பிடுகிறேன். மீண்டது எது என்பதில்தான் எனக்குத் தகராறு.

தேரில் குழல்போலத் தொங்கி ஆடும் தொம்பை, சாமிக்கு மேலே கட்டும் ஆஸ்மான்கிரி, வாசலுக்கு வாசமாலை என்று கோயிலுக்காகவே பிறந்த துணிகள் இவை. எல்லாம் அண்ணாந்து பார்க்க வேண்டியவை.

திருநெல்வேலிப் பேட்டையிலிருந்து ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெல்லையப்பர் தேரில் நாம் பார்ப்பது வெட்டித் தைத்த துணித் தொம்பை, கலம்காரி இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். ரத வீதிக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கிறவன் கண்ணுக்கு எது எட்டும்? தேர் ஒரு குலுக்குக் குலுங்கி நகர்ந்தால் தொம்பை சுழலும். யாளியின் தலை போய் வால் வரும். அந்த ஒரு நொடியில் பிடிபட வேண்டும் என்றுதான் பழைய ஓவியர் கோட்டைத் தடிப்பாக இழுத்தார், கண்ணைப் பெரிதாகத் திறந்தார், பின்னால் சிவப்பை அப்பினார். அந்தத் தடிப்பு நுணுக்கம் தெரியாதவர் செய்தது அல்ல. தூரத்தை அளந்தவர் செய்தது.

சென்னையில் ஒரு கண்காட்சியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒன்றரை முழத் துண்டு ஒன்றைப் பார்த்தேன். கண்ணன் விரல்களில் நகம்கூட எழுதியிருந்தது. அட்டிகையில் மயிரிழைக் கோடுகள். "என்ன நுணுக்கம்!" என்று பக்கத்தில் ஒருவர் உருகினார். பத்தடி பின்னால் போய்ப் பார்த்தேன். செம்மண் சேறு. கோடு மெலிய மெலிய விலை ஏறுகிறது. வாங்குகிறவர் துணியை மூக்கருகே வைத்துப் பார்க்கிறார், ஓவியரின் கையும் அந்த அளவுக்கே சுருங்குகிறது. இப்படி ஒரு தலைமுறை போனால் இருபதடித் தூரத்துக்கு எழுதத் தெரிந்த கை யாரிடம் இருக்கும்?

"கோயில்கள் பிளெக்ஸுக்குப் போய்விட்டன, இவர்கள் என்ன செய்வார்கள்?" என்கிறார்கள். பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. கைப்பையும் சேலையும் தாராளமாக விற்கட்டும். அதைக் காட்டித் தேர்ச்சீலை பிழைத்தது என்று மாலை போட்டுக்கொள்வதுதான் பொறுக்கவில்லை. கோயில் துணி தூரத்துக்கானது: திருச்செந்தூர்த் திருவிழாவில் கொடிப்பட்டம் வீதி சுற்றுகிறது, பிறகு கொடிமரத்தில் ஏறிவிடுகிறது. அதன் கோடு மயிரிழையா என்று அங்கே யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

இந்து சமய அறநிலையத் துறையிடம் கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கு ஒரு தேருக்காவது ஒரு ஜோடித் தொம்பை எழுதச் சொல்லுங்கள். எழுதியவரை வரவழைத்து, தேர் நகரும்போது வடத்துக்குப் பக்கத்தில் நின்று பார்க்கச் செய்யுங்கள். நெல்லையப்பர் கோயிலில் மட்டும் ஐந்து தேர்கள் ஓடுகின்றன.