பத்து நிமிஷ மௌனம்

ஆகாயத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் கதை எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டந்தான். அலறல், பிரார்த்தனை, மனைவி மக்களின் ஞாபகம் என்று நாலு பக்கத்தை நிரப்பிவிடலாம். 'குட்டி இளவரசன்' எழுதிய ஸேந்த்-எக்ஸுபெரி அப்படிச் செய்யவில்லை. அவரே தபால் விமானியாக இருந்தவர். 1939இல் பிரெஞ்சில் வெளிவந்த 'மனிதர்களின் பூமி'யில், தம் தோழர் ழான் மெர்மோஸைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்களைச் சொல்கிறேன்.

1930 மே மாதம், மிதவைகள் பூட்டிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து பிரேஸிலுக்குத் தபால் கொண்டுபோனார் மெர்மோஸ். ஜூலையில் திரும்பும்போது எண்ணெய் ஒழுகி எஞ்சினுக்கு ஆபத்து வந்தது. கப்பல் ஒன்றின் அருகே கடலிலேயே இறக்கினார். மூன்று பேரும் தபாலும் தப்பினர், விமானம் மூழ்கிற்று. கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? எக்ஸுபெரியோ போகும்போது கண்ட காட்சியைத்தான் விரிக்கிறார்: தூண் தூணாக எழுந்து நிற்கும் கடல்நீர், நடுவே நிலா வெளிச்சம். எல்லாம் தாண்டிய பிறகுதான், தாம் பயப்படவே இல்லை என்பது மெர்மோஸுக்குத் தெரிகிறதாம்.

பிறகு 1936 டிசம்பர் 7. இப்போது நான்கு எஞ்சின் கொண்ட பெரிய கடல் விமானம். பின்புறத்து வலது எஞ்சினை நிறுத்துவதாக ஒரு சிறு செய்தி வருகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. எழுத்தாளர் விமானத்துக்குள் நுழைவதே இல்லை. பாரிஸ் முதல் போனஸ் அயர்ஸ் வரை ரேடியோ நிலையங்களில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவர்களோடு நம்மையும் உட்கார்த்தி வைக்கிறார். பத்து நிமிஷத் தாமதம் நமக்கு ஒரு பொருட்டல்ல. அவர்களுக்கு அதுவே வயிற்றைக் கலக்கப் போதும். நாலு பக்க அலறலில் இந்தக் கனம் வராது.

ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அன்று அதிகாலையில் கிளம்பிய அந்த விமானம், அதே எஞ்சினின் புரொப்பெல்லர் கோளாறினால் ஒருமுறை திரும்பி வந்தது. அவசரமாகப் பழுதுபார்த்து மறுபடி புறப்பட்டார்கள். அந்தப் பக்கங்களில் இதற்கு இடமில்லை. கூடவே மாண்ட நால்வரும் வாசகர் மனத்தில் தங்குவதில்லை. தோழமை தங்குகிறது; விதி தங்குகிறது. விபத்தை விதியாக உயர்த்திவிட்டால், தபாலுக்கு அத்தனை அவசரம் என்ன என்று கேட்க ஆளில்லாமல் போகிறது.

இதனால் நூலின் மதிப்புக் குறைந்துவிடாது. துக்கத்தைச் சொல்லாமல் விட்டது அவருடைய கலை. எஞ்சினின் கதையைச் சொல்லாமல் விட்டது, இறந்த நண்பன்மேல் வைத்த பிரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. படிக்கிற நாம் இரண்டையும் ஒன்றாக எண்ணி மயங்க வேண்டியதில்லை.