அலரும் அளவையும்

அகப்பொருள் இலக்கணம் பயின்றார்க்கு அம்பல், அலர் என்னும் இரு சொற்களும் நன்கு பழகியவை. தலைவன் தலைவியரின் களவொழுக்கத்தை அயற்பெண்டிர் தம்முள் முணுமுணுப்பது அம்பல். அது முற்றி, இன்னாள் இன்னானோடு என்று ஊரறியப் பேசப்படுவது அலர். அரும்பும் மலரும் போல்வன இவை என்று வேறுபாடு காட்டுவர். அலரால் தலைவி நாணித் துன்புறுவாள் எனினும், அகத்திணையுள் அஃது ஒரு பயனும் செய்கின்றது. அலரைச் சுட்டியே தோழி வரைவு கடாவுகின்றாள், களவு கற்பாகின்றது. ஊரின் வாய், இருவரையும் ஊருக்குள்ளேயே நிலைபெறச் செய்து அடங்குகின்றது. வள்ளுவர் புறங்கூறாமையை அறத்துப்பாலில் வைத்தும் அலரறிவுறுத்தலைக் காமத்துப்பாலில் வைத்தும் ஓதியதன் நுட்பமும் இதுவே போலும். இரண்டும் பிறரைப் பற்றிய பேச்சே. எனினும் இரண்டின் முடிவும் ஒன்றல்ல.

இக்காலத்து விளையாட்டுலகில் எழும் அலர், இதற்கு மறுதலையாக முடிவதைக் காண்கின்றோம். வீரன் ஒருவன் சொன்ன சொல்லோ, என்றோ எழுதிய வரியோ சமூக ஊடகங்களில் பரவ, ஒரு பகற்பொழுதிற்குள் அவனை ஆடுகளத்தினின்றும் மேடையினின்றும் நீக்குக என்னும் குரல் எழுகின்றது. மேனாட்டார் இதற்குக் ‘கேன்சல் கல்ச்சர்’ என்று பெயரிட்டனர். நம் நாட்டுப்புறத்து ‘ஊர்விலக்கு’ என்னும் சொல் இதற்கு ஓரளவு பொருந்தும், முற்றும் பொருந்தாது. ஊர்விலக்கு எளியோர்மேலேயே பெரிதும் சுமத்தப்பட்ட கொடுமை என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கே ஓர் ஊர் இருந்தது; குற்றம் இன்னதென்று கூற ஒரு மன்றமேனும் கூடிற்று. இப்புதிய விலக்கில் ஊர் எது, மன்றம் எது என்று கேட்டால் விடையில்லை. இவ்வேறுபாட்டை ஒரே மனிதர் வாழ்வில் இருமுறை நிகழ்ந்த வழக்கைக் கொண்டு இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது. அவர் இலங்கைப் பந்துவீச்சாளர் முத்தையா முரளிதரன். டெஸ்டு ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தி, 2010 சூலைத் திங்களில் காலி நகரில் ஓய்வு பெற்றவர்.

முதல் வழக்கு அவர்தம் கையைப் பற்றியது. 1995 திசம்பர் 26ஆம் நாள் மெல்போர்ன் ஆடுகளத்தில் நடுவர் டாரல் ஹேர், முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகின்றார் என்று கருதி, ஏழு முறை ‘நோபால்’ என அறிவித்தார். சின்னாட்களில், 1996 சனவரியில், மற்றொரு நடுவர் ராஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். 1999இல் அடிலெய்டில் எமர்சன் மீண்டும் அறிவித்தபோது, அணித்தலைவர் அருச்சுனா ரணதுங்கா தம் வீரரை அழைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை சென்று நின்றது கிரிக்கெட்டு வரலாறு அறிந்தது. நடுவர்மேல் நாம் பழி சொல்லவேண்டுவதில்லை. பந்து முறையாக வீசப்படுகின்றது என்று தம் கண்ணுக்குத் தோன்றாதவழி அறிவிக்கும் உரிமையை விதி அவர்க்கு அளித்திருந்தது. குறை அவர் கண்ணுக்கு அப்பால் ஓர் அளவை இல்லாமையே.

அளவை பின்னர் வந்தது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் 1996இல் அவர் கை ஆராயப்பட்டது. பிறவியிலேயே முழங்கை முழுதும் நிமிராத அமைப்புடையது என்பதும், காண்பார்க்கு எறிவதுபோல் தோன்றுதற்கு அதுவே காரணம் என்பதும் தெளிவாயின. 2004இல் ‘தூஸ்ரா’ என்னும் பந்துவகை பற்றி ஐயம் எழுந்தபோது, கை வளையாதபடி இறுகிய பட்டை பூட்டிக்கொண்டு தொலைக்காட்சிப் படக்கருவியின் முன் அவர் பந்துவீசிக் காட்டினார். ஐயத்துக்கு உள்ளாகாத பந்துவீச்சாளர் பலருடைய முழங்கையும் பழைய விதி பொறுத்ததினும் மிகுதியாக நிமிர்வது ஆய்வில் புலப்பட, 2005இல் பன்னாட்டுக் கிரிக்கெட்டு மன்றம் எல்லார்க்கும் 15 பாகை என்று வரம்பு வகுத்தது. ஒருவர்மேல் எழுந்த ஐயம், அனைவரையும் அளக்கும் கோலாக முடிந்தது! இதனை முரளிதரனுக்காக விதியைத் தளர்த்தியது என்பாரும் உளர். அளந்த பின்னும் மாறாத மனம் அது.

ஆயின் ஆஸ்திரேலியக் கூட்டம் அளவைக்குக் காத்திருக்கவில்லை. அளவை வந்த பின்னும் அடங்கவில்லை. அவர் ஓடிவருந்தோறும் ‘நோபால்’ என்று பார்வையாளர் கூவுவது அந்நாட்டில் பல்லாண்டு தொடர்ந்தது. 2004இல் அந்நாட்டுத் தலைமையமைச்சர் சான் அவார்டும் அவரை எறிபவர் என்று சொல்லிவிட்டார். அவ்வாண்டின் ஆஸ்திரேலியப் பயணத்தை முரளிதரன் தவிர்த்தார். நடுவர்க்கு விதி உரிமை தந்தது. கூட்டத்துக்கு உரிமை தந்தது யார்?

இரண்டாம் வழக்கு சொல்லைப் பற்றியது. இதனை விசாரித்தோர் தமிழர். இங்கே நாம் நின்று பேசவேண்டியுள்ளது.

2019ஆம் ஆண்டு இலங்கைக் குடியரசுத் தலைவர் தேர்தற்காலத்தில் முரளிதரன் கோத்தபாய ராசபக்சவை ஆதரித்தார். 2009ஆம் ஆண்டே தம் வாழ்வின் மகிழ்ச்சி மிக்க காலம் என்னும் பொருள்பட அவர் பேசியதாகச் செய்தி பரவிற்று. 2009 தமிழர்க்கு எத்தகைய ஆண்டு என்பதை விரிக்க வேண்டா. போரின் இறுதிக் கட்டத்தில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் அவைத் தலைமைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் எழுதிற்று. 2020 அக்டோபரில், முரளிதரன் வரலாற்றைக் கூறும் ‘800’ என்னும் திரைப்படத்தில் விசய் சேதுபதி நடிக்கின்றார் என்பதைக் காட்டும் முன்னோட்டம் வெளிவந்தபோது, பழைய பேச்சு மீண்டும் மேலெழுந்தது. இயக்குநர் பாரதிராசா, கவிஞர் வைரமுத்து, கவிஞர் தாமரை முதலியோர் நடிகர் விலகவேண்டும் என்றனர்; அரசியல் இயக்கத்தாரும் சேர்ந்தனர். ஒரு கிழமைக்குள் முரளிதரனே கடிதம் எழுதி, தம்பொருட்டு ஒரு கலைஞர் இடர்ப்பட வேண்டா என்று கேட்டுக்கொள்ள, நடிகர் விலகினார்.

முரளிதரன் தந்த விளக்கம் இது: போர் முடிந்தபின் இருதிறத்தும் உயிரிழப்பு நின்றது என்ற கருத்திலேயே அவ்வாறு கூறியது, அப்பாவி மக்களின் கொலையை என்றும் ஆதரித்ததில்லை. இவ்விளக்கம் பொய் என்று கொள்ளக் காரணமில்லை. ஆயினும் இது போதுமா எனின், போதாது என்றே சொல்வோம். ஒரு சொற்றொடரின் பொருள் சொல்வான் கருத்தோடு முடிந்துவிடுவதன்று. யாரை அடுத்து நின்று, யார் கேட்கச் சொன்னான் என்பதும் பொருளில் சேரும். இலக்கணத்தார் இடம், சூழல் பற்றிப் பொருள்கொள்ளச் சொல்வது இதற்கே. போர்க்காலத்தில் பாதுகாப்புச் செயலராக இருந்தவரை ஆதரிக்கும் மேடையில் 2009ஐ மகிழ்ச்சியோடு சேர்த்துப் பேசினால், இறந்தாரின் சுற்றத்தார்க்கு அச்சொல் எவ்வாறு படும் என்பதை எண்ணிப்பார்த்திருக்க வேண்டும். இதற்குக் கண்டனம் தகும். கடுமையான கண்டனமும் தகும்.

ஆனால் எழுந்தது கண்டனத்தோடு நிற்கவில்லை. ‘துரோகி’ என்னும் சொல் எங்கும் ஒலித்தது. பகைவனைத் துரோகி என்பார் இல்லை. நம்பிக்கை முதலில் வைக்கப்பட்டால் அன்றோ அதனை முறிக்க முடியும்? ஆகவே அச்சொல்லைச் சொல்வோன், ‘நீ எம்மவன்’ என்று முன்னமே உறவு கொண்டாடியவன் ஆதல் வேண்டும். அவ்வுறவு இருந்ததா என்று பார்ப்போம்.

2013ஆம் ஆண்டு மார்ச்சில், இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடலாகாது என்று தமிழக அரசு வற்புறுத்த, ஐ.பி.எல். நிருவாகமும் அவ்வாறே முடிவு செய்தது. அப்போது பெங்களூர் அணியில் இருந்த முரளிதரனும் அவ்விலக்கில் அகப்பட்டார். 2008 முதல் மூன்றாண்டு சென்னை அணிக்கே ஆடியவர் அவர். தமிழைத் தாய்மொழியாக உடையவர். அவ்விலக்கு அதனை நோக்கவில்லை. 2013இல் அயல்நாட்டான் என்று நிறுத்தப்பட்டவர், 2020இல் நம்மவனாக இருந்து காட்டிக்கொடுத்தான் என்று நிறுத்தப்பட்டார். இவ்விரண்டும் ஒருங்கே நில்லா. கூட்டத்தின் சினம் முன்பின் முரணுவதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆராய்வோர் கவலைப்பட்டாக வேண்டும்.

இன்னும் சற்று பின்னே செல்லலாம். முரளிதரனின் பாட்டனார் தமிழகத்தினின்று தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர். அவர் பிறந்த மக்கட்பிரிவு மலையகத் தமிழர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கிற்று. இதன்பொருட்டே செல்வநாயகம் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சி கண்டார் எனினும், இலங்கைத் தமிழ்த் தலைமை அனைத்தும் அவர் பக்கம் நிற்கவில்லை. 1964இல் சிறிமாவோவும் சாத்திரியும் செய்த உடன்படிக்கை அம்மக்களைத் தலைக்கணக்காகப் பகுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டனர். அவர்களை யாரும் கேட்கவில்லை. 1977ஆம் ஆண்டு வன்முறையில் கண்டியை அடுத்திருந்த முரளிதரன் குடும்பத்தின் தொழிலகம் எரிக்கப்பட்டது, தந்தையார் தாக்கப்பட்டார். இவ்வழி வந்த ஒருவர் ‘அமைதி’ என்று சொல்லும்போது அதன் பொருள் வன்னியில் பிறந்தவர் கொள்ளும் பொருளாக இல்லாமற் போவதில் வியப்பில்லை. வன்னியார் துயரத்தை இது குறைப்பதன்று. முரளிதரன் பேச்சுக்கு இதுவே விடுதலை என்றும் நாம் கூறவில்லை. தமிழர் என்னும் ஒரு சொல்லால் இருவேறு வரலாற்றையும் மூடி, ஒன்றின் கோலால் மற்றொன்றை அளப்பது அளவை ஆகாது என்பதே கூறவருவது.

சினத்தின் சுமை சென்றிறங்கிய இடத்தையும் நோக்கவேண்டும். அதே அக்டோபரில் முரளிதரன் ஐதராபாத்து அணியின் பந்துவீச்சுப் பயிற்றுநர். அவ்வணி சென்னையில் அமைந்த சன் குழுமத்தாரது. அங்கே கேட்கப்படாத கேள்வி நடிகரிடம் மட்டும் ஏன் என்று நடிகை ராதிகா சரத்குமார் அப்போதே வினவினார். விடை எளிது: நடிகர் கையெட்டும் தொலைவில் இருந்தார். இதனினும் இழிந்தது, அந்நடிகரின் இளமகளைக் குறித்து ஒருவன் எழுதிய அச்சுறுத்தல். காவல்துறை வழக்குப் பதிந்தது. இறந்தோர் பெயரால் தொடங்கிய சினம் எங்கே சென்று முடிந்தது பாருங்கள். நடிகர் விலகல் அறிவிக்குங்கால் எழுதியவை இரண்டே சொற்கள்: ‘நன்றி, வணக்கம்’. மேடைப்பேச்சு முடிவில் எவரும் சொல்லும் வாய்பாடு அது. உடன்பாடா, மறுப்பா, வெறுப்பா என்று பிரித்தறிய முடியாதபடி நின்றது. அச்சத்தில் பிறக்கும் மொழிக்கு இஃது எடுத்துக்காட்டு.

விலக்கு என்பதே தகாது என்று நாம் கொள்ளவில்லை. 2021 சூனில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஆலி ராபின்சன் இலார்ட்சில் தம் முதல் டெஸ்டு ஆடிய நாளிலேயே, பதின்பருவத்தில் அவர் எழுதிய இனவெறுப்பும் பெண்ணிழிவும் நிறைந்த வரிகள் வெளிப்பட்டன. அவரை நிறுத்தி வைத்தனர், ஒழுங்காணையம் விசாரித்தது. எட்டு ஆட்டங்களுக்குத் தடை, அவற்றுள் ஐந்து ஈராண்டு நிறுத்திவைப்பு, 3,200 பவுன் தண்டம் என்று தீர்ப்பாயிற்று. நிறுத்தப்பட்ட காலத்திலேயே மூன்று ஆட்டங்கள் கழிந்தமையால், ஆகத்தில் அவர் மீண்டும் நாட்டுக்கு ஆடினார். தண்டனை மிகுதி என்பாரும் குறைவு என்பாரும் இருந்தனர். இருக்கட்டும். குற்றம் இன்னது, தண்டம் இத்துணை, முடிவு இந்நாள் என்பன அங்கே சொல்லப்பட்டன. முரளிதரன் வழக்கிலோ எது செய்தால் பழி தீரும் என்று யாரும் சொல்லவில்லை. விளக்கம் கேட்டனர், தந்தார். தந்தபின் அதனைப் படித்தாரும் சிலரே.

பொறை என்னும் அறத்தை இவ்விடத்து எளிதாக எடுத்தோதிவிடல் கூடாது. பொறையுடைமைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பரிமேலழகர், ஒருவன் தமக்குச் செய்த மிகையைத் தாம் பொறுத்தல் என்று வரையறுத்துச் செல்கின்றார். ‘தமக்கு’ என்பது கருதத்தக்கது. பிறர்க்குச் செய்த தீங்கை நாம் பொறுத்தல் பொறையாகாது, அது பொருட்படுத்தாமை. முல்லைத்தீவில் மகனை இழந்த தாய் முரளிதரன் சொல்லைப் பொறுக்கமாட்டேன் என்றால், பொறுத்துக்கொள் என்று கூற நமக்கு வாயில்லை. சகிப்புத்தன்மை வேண்டும் என்று அவளுக்கு அறிவுரை கூறுவோர் அறமறியாதார். ஆயின் இதன் மறுபுறமும் உண்டு. பொறுக்கும் உரிமை நமதில்லையாயின், அவள் பெயரால் தண்டிக்கும் உரிமையும் நமதன்று. சென்னையில் இருந்துகொண்டு அவளுக்காகச் சினந்தோர் அவளைக் கேட்டுச் சினந்தனர் என்பதற்குச் சான்றில்லை.

திறனாய்வாளர்க்குச் சிறப்பாக உரிய குறை ஒன்று எஞ்சியுள்ளது. 2020இல் மறுக்கப்பட்டது எழுதி முடிந்து மக்கள் முன் வந்த நூலன்று; எடுக்கப்படாத படம். பாடம் கிடைக்காத நூலுக்கு உரை எழுதுவாரை நம் துறையில் நகைப்போம். அப்படம் மதூர் மிட்டல் நடிக்க, சிறிபதி இயக்கத்தில் 2023 அக்டோபர் 6ஆம் நாள் வெளிவந்தது. 1977இன் வன்முறையும் ஆஸ்திரேலிய ஆடுகளமும் அதனுள் இடம்பெறுகின்றன. மூன்றாண்டுக்கு முன் எழுந்த ஆரவாரத்தில் ஒரு சிறு பகுதியும் அப்போது எழவில்லை. போரையும் தலைவனையும் அப்படம் எவ்வாறு இணைத்துக் காட்டுகின்றது, கண்டித் தமிழன் வாய்மொழி அதில் உண்மையாக ஒலிக்கின்றதா, 2009ஐ எவ்வளவு விரைவில் கடந்து செல்கின்றது, கடந்தது கலைநோக்கிலா அச்சத்திலா என்பன கேட்கப்படவேண்டிய வினாக்கள். 2020இல் நடிகர்க்கு மடல் எழுதிய கவிஞர்களே இவற்றை வினவத் தகுதியுடையோர். மலையகத் தமிழர் வழக்கை ஆராயும் நம் மாணவரும் உளர். படம் இப்போது எவர்க்கும் கிடைக்கின்றது.