‘தாப்’ எழுத்தின் பிறப்பும் பொருளும்

கொரிய மொழியில் வழங்கும் சீன எழுத்துகளுள் (ஹஞ்சா) சில, சீனத்தில் தோன்றாமல் கொரியாவிலேயே ஆக்கப்பட்டவை. அவற்றுள் பரவலாக அறியப்பட்டது ‘தாப்’. நீரைக் குறிக்கும் எழுத்து மேலும், நான்கு பாத்திகளாகப் பகுத்த சதுரம் போன்ற வயல் எழுத்து கீழுமாக அமைந்த இதன் பொருள் நன்செய். நெல்லை நம்பி வாழ்ந்த கொரியர், சீனரிடம் இல்லாத ஒரு கருத்துக்குப் புதுவடிவம் கண்டனர் என்று இதன் பிறப்புக்கு விளக்கம் கூறுவதுண்டு. இவ்விளக்கம் சான்றுகளோடு பொருந்துவதாக இல்லை.

‘நீர்வயல்’, ‘வெள்வயல்’ என்னும் இணைச்சொற்கள் சீனத்திலேயே இருந்தன. 3ஆம் நூற்றாண்டில் ஃபூ சுவான் என்னும் அலுவலர் அரசருக்கு எழுதிய விண்ணப்பம், இவ்விரு நிலங்களின் விளைச்சலையும் ஒப்பிடுகிறது. சில்லா அரசர் ஜின்ஹுங் சாங்ன்யோங்கில் நாட்டிய கல்வெட்டிலும் (561) இவ்விணை வருகிறது. ஆனால் அங்கே ‘வெள்வயல்’ ஈரெழுத்தாகவே நிற்க, ‘நீர்வயல்’ ஓரெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. மேலிருந்து கீழாக எழுதும்போது நீரெழுத்தை அடுத்து வயலெழுத்து வரும். இடைவெளி குறைந்தால் இரண்டும் ஒன்றாகும். ஆகவே கொரியாவில் புதிதாகப் பிறந்தது கருத்தன்று, வடிவமே. அதன் பிறப்புக்கு உழவரின் தேவையினும் எழுதுவோரின் கைப்பழக்கத்தைக் காரணமாகக் கொள்வதே பொருத்தம். ஒலிப்பும் இதற்கு அரண் செய்கிறது. நீரின் பெயரும் வயலின் பெயரும் ‘தாப்’ என்பதில் இல்லை. வடிவில் இதனை ஒத்த, ‘தாப்’ என்றே ஒலிக்கும் வேறொரு பழைய எழுத்திலிருந்து அவ்வொலி வந்தது என்பர்.

வடிவத்தைக் காட்டிலும் கருதத்தக்கது, இப்புது எழுத்து பழைய எழுத்துக்குச் செய்தது. சீனத்தில் வயலெழுத்து எல்லா விளைநிலத்துக்கும் பொது. கொரியத்தில் ‘தாப்’ நன்செய்யை எடுத்துக்கொள்ளவே, ‘ஜொன்’ என்று ஒலிக்கும் அவ்வெழுத்து புன்செய்யாகக் குறுகியது. பொருளையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லி எழுத்துக் கற்பிக்கும் கொரிய மரபில் அது ‘பத் ஜொன்’, அதாவது ‘புன்செய் ஜொன்’. சப்பானியத்திலோ இதற்கு மறுதலை: அதே எழுத்து நன்செய்யைக் குறிக்க, புன்செய்க்குத் தீயும் வயலும், வெள்ளையும் வயலும் சேர்ந்த புதிய எழுத்துகள் தோன்றின. ‘தாப்’ என்பதற்கு ‘நன்செய்’ என்று மட்டும் பொருள் எழுதும் அகராதி, ‘ஜொன்’ அடைந்த இம்மாற்றத்தை விட்டுவிடுகிறது.

இம்மாற்றத்தின் வலிமையை 1910–1918 நில அளவையில் காணலாம். அதனை நடத்தியது சப்பானியக் குடியேற்ற அரசு. தம் நாட்டில் நன்செய்யைக் குறிக்கும் எழுத்தை, கொரியப் பதிவேட்டில் புன்செய்க்கே அவ்வரசின் அலுவலர் எழுத வேண்டியிருந்தது. வரி நிலவகையைப் பொறுத்தது. பதிவேட்டுச் சொல்லை மாற்றுவது எளிதன்று.

இன்றைய தென்கொரிய நிலப்பதிவேட்டின் 28 நிலவகைகளுள்ளும் ஜொன், தாப் இரண்டும் உள. அவை எழுதப்படுவது ஹங்குலில். ‘விடை’ என்னும் பொருளுடைய மற்றொரு சீன எழுத்துக்கும் அங்கே ‘தாப்’ என்பதே வடிவம். நீரும் வயலும் அதில் தெரிவதில்லை.