பங்கு விதியான கதை

விதி வலிது என்பர். கிரேக்க நாடகம் கற்பிப்போர் பலரும் அதையே ஓதுவர்: கிரேக்கன் விதிக்கு அஞ்சினான், தேவர்களும் அதற்கு அடங்கினர், ஆகவே அவ்வச்சம் மனித உள்ளத்தின் மாறா இயல்பு! அந்த விதி எந்த மண்ணில் முளைத்தது என்று வினவ முற்பட்ட அறிஞருள் முன்வரிசையில் நிற்பவர் ஜார்ஜ் தாம்சன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1937 முதல் 1970 வரை கிரேக்கப் பேராசிரியர், பொதுவுடைமையாளர்.

1941இல் வெளிவந்த அவரது 'ஈஸ்கிலசும் ஏதென்சும்' என்னும் நூல் 'மொய்ரா' என்ற சொல்லை எடுத்து ஆராய்கிறது. விதித் தெய்வத்தின் பெயர் அது. சொல்லின் நேர்ப்பொருளோ பங்கு! உணவில் பங்கு, போர்க்கொள்ளையில் பங்கு, நிலத்தில் பங்கு. விதித் தேவியர் மூவருள் ஒருத்தியான லாக்கெசிசின் பெயரும் சீட்டுப் போட்டுப் பெறுவதைக் குறிப்பதே. குலத்தார் கூடி அவரவர்க்கு உரியதை அளந்து கொடுத்த காலத்தின் சொற்கள் இவை. பின்னர் நிலம் சிலர் கைக்குப் போயிற்று. உரிமையோடு கேட்ட பங்கு, கேள்வியின்றி ஏற்க வேண்டிய விதியாயிற்று. நம் 'பால்' என்னும் சொல்லுக்கும் பகுதி, ஊழ் என இரு பொருளும் உண்டு, எண்ணிப் பாருங்கள்.

இந்நோக்கு அவருக்கு நூலகத்தில் மட்டும் வாய்த்ததன்று. 1923இல் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்குச் சென்று, அம்மக்களின் ஐரிஷ் மொழியைக் கற்றார். எழுத்தை நம்பி வாழாத மீனவரின் அன்றாடப் பேச்சிலே கவிதை மிளிர்வதைக் கண்டார். ஓமரின் மொழியைப் புரிந்துகொள்ள அத்தீவே அவருக்குப் பள்ளியாயிற்று.

ஆனால், தாம்சன் சறுக்கும் இடமும் உண்டு. கி.மு. 458இல் அரங்கேறிய ஈஸ்கிலசின் ஒரெஸ்தியாவில், தாயைக் கொன்ற மகனை மன்றம் விசாரிக்கிறது. தாய் பெற்றோரல்லள், தந்தையின் வித்தைக் காப்பவளே என வாதிடுகிறான் அப்பல்லோ. தாய் வயிற்றில் பிறவாத அதீனா அவன் பக்கம் வாக்களிக்கிறாள், கொலையாளி தப்புகிறான். ஆணாதிக்கத்தின் குரலை இங்கே தாம்சன் கேட்டது முற்றும் சரி. அதற்கு முன்னே தாயுரிமைச் சமுதாயம் ஒன்று கிரேக்க நாட்டில் நிலவியது என அவர் உறுதி கூறுவதற்குத்தான் சான்று போதாது. மார்கனும் எங்கெல்சும் வகுத்த படிகளை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். அவர்கள் எழுதியதாயினும் வேதவாக்காகக் கொள்வது நமக்கு அடுக்குமா?

தாம்சனிடம் ஆய்வு செய்த ஈழத்து அறிஞர் க. கைலாசபதி, ஓமர் ஆராய்ச்சியின் வழியில் சங்கப் பாடல்களை அணுகி, 1968இல் 'தமிழ் வீரநிலைக் கவிதை'யை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதைப் படிக்கப் புகும் இளைஞர், ஆசிரியரின் நூலையும் உடன் வைத்துக்கொள்க: மொய்ரா பற்றிய இயலை முதலில்; தாயுரிமை பற்றியவற்றைப் பின்னர், கையில் பென்சிலோடு.