குழந்தையின் செவியும் இசையின் வரலாறும்: புரோகோஃபியெவ், பெர்ன்ஸ்டைன், பிரிட்டன் ஆக்கங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

சிறுவர்க்கு இசை வரலாற்றையும் இசைமேதைகளையும் அறிமுகம் செய்யும் நோக்கில் இருபதாம் நூற்றாண்டில் உருவான மேலை இசை ஆக்கங்களுள் மூன்றை இக்கட்டுரை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. கருவிகளை அடையாளம் காணும் பயிற்சியும் இசை வரலாற்றைக் கேட்டு உணரும் பயிற்சியும் வெவ்வேறானவை. ஒரு காலத்தின் இசை மற்றொரு காலத்தின் இசைக்குள் ஒலிக்கும் இடத்திலேயே வரலாறு குழந்தையின் செவிக்கு எட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: இசைக்கல்வி, கேட்டல், சிறுவர் இசை, பிரிட்டன், பர்செல், நோட்டுஸ்வரம்

முன்னுரை

இலக்கிய வரலாற்றைக் கற்பவர் முன்பு படித்த பக்கத்தை மீண்டும் புரட்டிப் பார்க்க இயலும். இசையோ ஒலித்த கணத்திலேயே மறைவது. கேட்டவரின் நினைவே அதற்கு ஏடு. ஆதலின் இசை வரலாறு என்பது முதலில் செவியின் நினைவாக இருத்தல் வேண்டும். ஆனால் சிறுவர்க்கென எழுதப்படும் இசை வரலாறுகள் பெரும்பாலும் வாழ்க்கைக் கதைகளிலிருந்தே தொடங்குகின்றன. மொசார்ட்டின் பிள்ளைப் பருவத் திறமை, பேத்தோவனின் செவிட்டுத்தன்மை, பாஹின் பெருங்குடும்பம் ஆகியவை சுவையான செய்திகளே. எனினும் ஒரு சுரத்தைக்கூடக் கேளாமல் இவை அனைத்தையும் கற்றுத் தேர்வில் விடையளித்துவிட முடியும். பெயர் அறிந்து ஒலி அறியாத இக்கல்விக்கு மாற்றாகக் கேட்டலையே அடிப்படையாகக் கொண்ட முயற்சிகள் எழுந்தன. அவை குழந்தையின் செவியை எதற்குப் பழக்கின என்பதே இங்கு எழும் வினா.

கருவி பாத்திரமாதல்

செர்கேய் புரோகோஃபியெவ் 1936இல் மாஸ்கோவில் நத்தாலியா சாட்ஸ் நடத்திய சிறுவர் அரங்கிற்காக இயற்றியது 'பேத்தரும் ஓநாயும்'. கதைசொல்லி ஒருவரும் சேர்ந்திசைக் குழுவும் இணைந்து நிகழ்த்தும் இவ்வாக்கத்தில் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு கருவியும் ஒரு மெட்டும் உரியன. பறவைக்குப் புல்லாங்குழல், வாத்திற்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவிற்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹார்ன்கள், பேத்தருக்கு நரம்புக் கருவிகள் என அவை அமைகின்றன.

இவ்வாக்கத்தின் வலிமை நினைவைப் பயன்படுத்தும் முறையில் உள்ளது. ஓநாய் வாத்தை விழுங்கிவிடுகிறது. இறுதி ஊர்வலத்தில் ஓநாயின் வயிற்றுக்குள்ளிருந்து வாத்தின் குரல் கேட்கிறது. அங்கே ஓபோ மீண்டும் ஒலிக்கும்போது, முன்பு கேட்டதை நினைவில் வைத்திருந்த குழந்தைக்கு அந்த ஒலியே செய்தியாகிறது. இசையில் மீள்வருகை என்பது பொருள் தரும் என்ற அரிய பாடம் விளக்கமின்றியே கற்பிக்கப்படுகிறது.

ஆயினும் இந்நினைவு அக்கதையின் எல்லையைத் தாண்டுவதில்லை. ஓபோ என்றால் வாத்து எனப் பழகிய செவி, பாஹின் ஓபோ இசையைக் கேட்கும்போதும் வாத்தையே தேடக்கூடும். வேறொரு காலமோ வேறொரு படைப்பாளியோ இவ்வாக்கத்திற்குள் நுழைவதில்லை. இது கருவி அறிமுகத்தில் முழுமையானது. வரலாற்று அறிமுகத்தைத் தன் நோக்கமாகக் கொள்ளாதது.

கதையைக் களைந்து கேட்டல்

கதையின் வழியே இசையை அணுகுவதில் உள்ள இடரை வெளிப்படையாகச் சோதித்தவர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன். நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவுடன் 1958 முதல் 1972 வரை அவர் வழங்கிய 53 சிறுவர் கச்சேரிகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. இசைக்குப் பொருள் என்ன என்பதே முதல் நிகழ்ச்சியின் தலைப்பு. அதில் ரிஹார்ட் ஸ்ட்ராஸின் 'டான் கிஹோத்தே' இசைக்குத் தாமே புனைந்த ஒரு கதையை அவர் கூறுகிறார். சிறையில் வாடும் ஒருவனைச் சூப்பர்மேன் மீட்கும் கதை அது. குழு இசைக்கும்போது கதை கச்சிதமாகப் பொருந்துகிறது. பின்னர் ஸ்ட்ராஸ் கருதிய உண்மைக் கதையைக் கூறி அதே பகுதிகளை மீண்டும் இசைக்கச் செய்கிறார். முன்பு கைதிகளின் குறட்டையாகக் கேட்டது இப்போது ஆட்டு மந்தையின் கத்தலாகிறது. இரண்டு கதைகளும் பொருந்துமாயின் இசையின் பொருள் கதையில் இல்லை என்ற முடிவைச் சிறுவர் தம் செவியாலேயே அடைகின்றனர்.

இதே தொடரில் இசைமேதையரை அறிமுகம் செய்யும் நிகழ்ச்சிகளும் உண்டு. மாலரின் நூற்றாண்டான 1960இல் அவருக்கென ஒரு கச்சேரி அமைந்தது. முரண்பட்ட இயல்புகள் ஒருங்கே குடிகொண்ட மனிதராக மாலரைக் காட்டும் பெர்ன்ஸ்டைன், அம்முரணை நான்காம் சிம்பொனி முதலியவற்றின் ஒலியிலேயே சுட்டுகிறார். வாழ்க்கைச் செய்தி இங்கு இசைக்கு மாற்றாக நிற்கவில்லை. கேட்பதற்குரிய ஒரு வினாவாக முன்வைக்கப்படுகிறது.

இம்முறைக்கும் ஒரு வரம்பு உண்டு. எதைக் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் பெர்ன்ஸ்டைனின் குரலே முடிவு செய்கிறது. ஆற்றல் மிக்க அக்குரல் இல்லாத இடத்தில் குழந்தை தனியே கேட்டறியுமா என்ற ஐயம் எஞ்சுகிறது. பேச்சின் துணையின்றி இசையே வரலாற்றை உணர்த்தக்கூடுமா என்பதை அறியப் பிரிட்டனிடம் செல்ல வேண்டும்.

பழைய மெட்டும் புதிய கட்டமைப்பும்

பெஞ்சமின் பிரிட்டனின் 'இளையோருக்கான சேர்ந்திசைக் கையேடு' ஒரு கல்விப் படத்திற்காக 1945இல் இயற்றப்பட்டு 1946இல் அரங்கேறியது. அதன் கருப்பொருளான மெட்டு பிரிட்டனுடையதன்று. 'அப்தெலாசர்' என்னும் நாடகத்திற்காக ஹென்றி பர்செல் 1695இல் அமைத்த இசையிலிருந்து அது எடுக்கப்பட்டது. பர்செல் மறைந்ததும் அதே ஆண்டில்தான். எனவே பிரிட்டன் இவ்வாக்கத்தை எழுதிய ஆண்டு பர்செல் மறைந்த 250ஆம் ஆண்டாகவும் இருந்தது.

பர்செலின் மெட்டை முதலில் முழுக் குழுவும் இசைக்கிறது. பின்பு மரத்துளைக் கருவிகள், பித்தளைக் கருவிகள், நரம்புக் கருவிகள், தாளக் கருவிகள் என்னும் நான்கு பிரிவுகளும் தனித்தனியே அதை ஏற்கின்றன. முழுக் குழு அதை மீண்டும் ஒலித்த பின் 13 வேறுபாட்டு வடிவங்கள் தொடர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கருவியோ கருவித் தொகுதியோ முன்னிற்கிறது. இதுவரை இது கருவி அறிமுகமே. இறுதியில் பிரிட்டனின் சொந்த மெட்டில் ஒரு பியூக் தொடங்குகிறது. ஒரு கருவி இசைத்த மெட்டை மற்றொன்று பின்தொடர்ந்து பற்றிக்கொள்ளும் வடிவம் அது. சிறிய பிக்கலோ முதலில் பாய, முன்பு அறிமுகமான வரிசையிலேயே பிற கருவிகளும் வந்து சேர்கின்றன. அந்த விரைவின் உச்சத்தில் பித்தளைக் கருவிகள் பர்செலின் மெட்டை அகன்ற நடையில் மீண்டும் எழுப்புகின்றன.

அக்கணத்தில் பதினேழாம் நூற்றாண்டும் இருபதாம் நூற்றாண்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. எது பழையது, எது புதியது என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் கேட்ட மெட்டை நினைவில் கொண்ட குழந்தை அதை இனங்காணும். அது புதிய இசையால் அழிக்கப்படாமல் அதனூடே நிலைப்பதையும் உணரும். மரபு என்ற சொல்லுக்குச் செவி வழியாகத் தரத்தக்க தெளிந்த விளக்கம் இதுவே.

எரிக் குரோசியர் எழுதிய விளக்கவுரையுடனும் உரையின்றியும் இவ்வாக்கம் நிகழ்த்தப்படுகிறது. 'பர்செலின் மெட்டில் வேறுபாடுகளும் பியூக்கும்' என்ற மற்றொரு தலைப்பும் இதற்கு உண்டு. முதல் தலைப்பைப் பற்றிச் செல்லும் ஆசிரியர் கருவிகளின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிட வாய்ப்புண்டு. பியூக்கை எட்டாமல் முடியும் பாடம் இவ்வாக்கத்தின் சாரத்தை இழந்துவிடுகிறது. இரண்டாம் தலைப்போ பாடம் எங்கு சென்று முடிய வேண்டும் என்பதைச் சுட்டுகிறது.

நினைவின் முறைவைப்பு

பழையதைப் புதியதற்குள் கேட்க வேண்டுமாயின் பழையது முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டன் தம் ஆக்கத்திற்குள்ளேயே அதற்கு வழி செய்கிறார். அவ்வாறு வழி செய்யாத ஓர் ஆக்கம் கமில் சென்-சான்ஸ் 1886இல் எழுதிய 'விலங்குகளின் திருவிழா'. சிறுவர் விரும்பிக் கேட்கும் இவ்வாக்கம் சிறுவர்க்கென எழுதப்பட்டதன்று. நண்பர்களுக்கான நகைச்சுவையாகக் கருதிய அவர், 'அன்னம்' என்னும் பகுதி தவிர ஏனையவற்றைத் தம் வாழ்நாளில் வெளியிட இசையவில்லை.

இதில் ஆமை வருகையில், ஓஃபென்பாக்கின் விரைந்த நடன மெட்டு ஊர்ந்து செல்கிறது. யானை வருகையில், பெர்லியோஸும் மெண்டெல்சோனும் எழுதிய மெல்லிய தேவதை இசை, குழுவின் மிகத் தாழ்ந்த நரம்புக் கருவியான டபுள் பேஸில் தள்ளாடுகிறது. மூல இசையை அறியாத குழந்தைக்கு அது வெறும் யானை. அறிந்த குழந்தைக்கோ யானை தேவதை வேடம் புனைந்த காட்சி. ஆகவே மூலத்தை முதலிலும் பகடியைப் பின்னரும் கேட்பிப்பதே முறை. அவ்வாறு கேட்ட குழந்தையின் சிரிப்பே வரலாற்றறிவின் சான்றாகிறது.

கருநாடக இசையோடு ஓர் ஒப்பீடு

மேற்கண்ட ஆக்கங்களில் குழந்தை கேட்பவர் மட்டுமே. கருநாடக இசை பயிலும் குழந்தையோ பாடிக்கொண்டே கேட்கிறது. படைப்பாளியின் பெயரும் பாடலுக்குள்ளேயே முத்திரையாக ஒலிக்கிறது. 'குருகுஹ' என்னும் முத்திரையைப் பாடும் குழந்தை முத்துஸ்வாமி தீட்சிதரை ஏட்டில் அறியுமுன் நாவில் அறிகிறது. இது மேலை வாத்திய இசைக்கு வாய்க்காத பேறு. எனினும் முத்திரை பெயரைத் தருமேயன்றிக் காலத்தைத் தருவதில்லை.

காலமும் ஒலியில் கேட்கும் இடம் ஒன்று அதே தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் உள்ளது. கும்பினியார் காலத்தில் ஐரோப்பிய இசைக்குழுக்கள் வழங்கிய மெட்டுகளுக்கு அவர் வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். பிரித்தானிய நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' அவற்றுள் ஒன்று. எளிய அமைப்பினால் சிறுவர்க்குக் கற்பிக்கப்படும் இப்பாடல்கள் பயிற்சிப் பாடல்களாக மட்டுமே கருதப்படுவது இழப்பாகும். மூல மெட்டை முன்னதாகக் கேட்பித்துப் பின் சாகித்தியத்தைப் பாடச் செய்தால், அந்நியப் படையின் இசையை ஒரு தென்னிந்தியச் செவி எவ்வாறு ஏற்றுத் தன்னதாக்கியது என்பதைக் குழந்தை தன் குரலிலேயே உணரும். பிரிட்டன் பர்செலுக்குச் செய்ததோடு ஒப்பிடத்தக்க செயல் இது. ஆங்கே ஒரு நாட்டின் இரு காலங்கள் சந்திக்கின்றன. ஈங்கே ஒரு காலத்தின் இரு நாடுகள் சந்திக்கின்றன.

முடிவுரை

புரோகோஃபியெவ் மெட்டை நினைவில் வைக்கக் கற்பிக்கிறார். பெர்ன்ஸ்டைன் அந்நினைவைக் கதையின் பிடியிலிருந்து விடுவிக்கிறார். பிரிட்டன் அதற்கு வரலாற்றின் ஆழத்தைத் தருகிறார். இவ்வரிசை காலவரிசையன்று, கற்பித்தலுக்கு உகந்த வரிசை. பெயர்களும் ஆண்டுகளும் கற்பிக்கப்பட வேண்டியவையே. ஆனால் கேட்ட ஒன்றிற்குப் பெயர் தேடும் குழந்தைக்கே அவை பயன்படும். கேட்டதை மீண்டும் கேட்கும்போது இனங்காணும் செவி உருவாகாத வரையில் மேதையர் பட்டியல் மனப்பாடமாகவே எஞ்சும். அச்செவி உருவானபின், பர்செல் எக்காலத்தவர் என்ற வினாவைக் குழந்தையே எழுப்பும்.