திரையிற் கண்ட தேயிலை மலை

ஆசிரியர் தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்து, அந்நிலத்திற் பிறந்து நிலவுவனவற்றைக் கருப்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, யாழ் என்பவற்றோடு தொழிலையும் அவர் அவ்வரிசையிலே வைத்தமை சிந்திக்கத்தக்கது. தினைப்புனங் காக்குந் தலைவியைப் பாடிய குறிஞ்சிப் புலவர், கிளியோட்டுங் கருவிகளாகிய தட்டையையும் குளிரையும் அவள் கையினின்றும் பறித்துவிட்டுப் பாடினாரல்லர். காதல் விளைந்த இடமும் அவள் வேலை செய்த இடமும் ஒன்றே. இவ்வளவுகோலைக் கொண்டு, தான் பிறந்த தேயிலை மலையும் இறப்பர்த் தோட்டமும் திரையில் எவ்வாறு தோன்றுகின்றன என்று, வீட்டிலிருந்தே படங் காணும் ஒருவன் கூற முற்படுவதே இக்கட்டுரை.

இலங்கை ரூபவாகினி 1982ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. கேகாலை மாவட்டத்தில் எங்கள் லயத்துக்குத் தொலைக்காட்சி வந்தது அதற்குப் பல்லாண்டு கழித்தே. மின்சாரம் இன்மையால் வாகனப் பற்றரியில் அஃது ஓடிற்று. பற்றரி தீரும்போது படம் நாற்புறமுஞ் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு காம்பராவில் முப்பது பேர் இருந்து பார்த்தோம். அரங்கிற் படம் பார்ப்பவன் பேசினால் அயலார் அதட்டுவர். வீட்டிலோ பேசாது பார்ப்பார் இலர். ஆதலின் எனக்கு ஒவ்வொரு படமும் ஓர் உரையோடு கூடியே கிடைத்தது. அவ்வுரையாசிரியர்களுள் தலையாயவர், முப்பதாண்டுக்கு மேற் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற என் பெரியம்மா.

ஒருநாள் ஒரு படத்திற் கதாநாயகி, முதுகில் ஒரு சிறு கூடை தொங்க, தேயிலைச் செடிகளிடையே ஆடிப் பாடினாள். பெரியம்மா சொன்னார்: “முத்தின எலையைப் புடிச்சு இழுக்குதே இந்தப் புள்ள! கணக்கப்புள்ள கண்டாருன்னா அரைப்பேருதான்.” பாட்டுத்தானே பெரியம்மா என்றேன். “பாட்டுன்னா அட்டை கடிக்காதாப்பா?” என்றார். இடையிற் படங்கு கட்டாமலும் அட்டைக்கு அஞ்சாமலும் மலையேறிய அந்நங்கையைக் குறித்து இதனினுஞ் சிறந்த திறனாய்வை நான் இன்றுவரை கண்டிலேன். அரைப்பேர் என்பது பாதி நாட் சம்பளம். தோட்டத்தில் ஒருவருக்குப் ‘பேர்’ விழுதல் என்பதே அவர் அன்று உழைத்தார் என்பதற்குச் சான்று. பாட்டில் வந்த மலைக்கோ அத்தகைய பேர் எதுவும் இல்லை. அதனை விரித்தவர் ஒளிப்பதிவாளர், அவ்வளவே.

இதனாற் கேடு என்னை எனக் கேட்பாருளர். பொழுதுபோக்குக்கு எடுத்த பாட்டிற் கவ்வாத்தும் பெரட்டும் காட்டவேண்டுமோ என்பர். வேண்டுவதில்லை. ஆயின், யான் கட்டுரைப் பாடங் கற்பிப்பவன். “எங்கள் ஊர்” என்னுந் தலைப்பைக் கொடுத்தால், லயத்திலிருந்து வரும் பிள்ளைகளிற் பெரும்பாலார், தம் மலை பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கின்றது என்று தொடங்குகின்றனர். அவர்களிற் பலர் வீட்டிற் கம்பளத்தைக் கண்டவரல்லர். தாய் நாடோறும் ஏறியிறங்கும் மலையைச் சுற்றுலாவுக்கு வந்தவன் கண்ணாற் காண அவர்களுக்கு யார் கற்பித்தார்? ஆசிரியராகிய நாமும் அவ்வுவமைக்குப் புள்ளியிட்டோம் என்பதை மறைத்தல் கூடாது. எனினும் அது முதலில் திரையிலிருந்து வந்தது என்றே கருதுகின்றேன்.

இக்குறையைத் தீர்க்க வந்ததுபோல் 2013இற் பாலாவின் ‘பரதேசி’ வந்தது. மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேளால் ‘எரியும் பனிக்காடு’ எனத் தமிழாக்கப்பெற்ற நாவலைத் தழுவியது அது. உரையாடலை எழுதியவர் நாஞ்சில் நாடன். கங்காணியின் சொல்லை நம்பி ஊரே பெயர்ந்து நடக்கும் நெடும்பயணம் எங்கள் வீட்டிற் பேச்சையே நிறுத்திற்று. கதை தமிழகத்து மலையைப் பற்றியதாயினும், மன்னார்க் கரையிறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழி நடந்த எம் முன்னோரையே நாங்கள் அதிற் கண்டோம். அவ்வகையில் அப்படத்துக்கு நாம் கடப்பாடுடையோம். எனினும் இரு குறைகளைச் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. முதலாவது, நாவலாசிரியர் தாமே தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றித் தொழிலாளர் துயரை எழுதியவராயிருக்க, படத்தில் வரும் சமயத்தொண்டு மருத்துவர் ஆட்டமும் பாட்டுமாய் எள்ளலுக்கு உரியவராக்கப்பட்டமை. இரண்டாவது குறையே எனக்குப் பெரிதாகப் படுகின்றது. அம்மாந்தர் அடிபடுவதும் அழுவதும் நினைவில் நிற்கின்றனவேயன்றி, அவர்தம் தொழில் நினைவில் நிற்கவில்லை. கொழுந்தெடுத்தல் துன்பம் மட்டுமன்று. அஃது ஒரு திறன். இரு கையும் ஒருங்கே இயங்க, கண் அடுத்த செடியில் இருக்க, இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்குமேல் எறிந்து கூடையில் விழச்செய்தல் ஓரிரு வாரத்திற் கைகூடுவதன்று. அத்திறனைக் காணாத இரக்கம், இரங்கப்படுவாரைச் சிறியராக்குகின்றது. படம் முடிந்ததும் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாவப்பட்டதுதான், ஆனா நாங்க அழுதுகிட்டே மலையில நின்னா யாரு கொழுந்து எடுத்தது?” என்று கேட்டார்.

அவ்வினாவுக்கு விடைபோல் அமைந்தது 2018இல் வெளிவந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. ஏலத்தோட்டத்துக்கும் அடிவாரத்துக்கும் இடையே மூட்டை சுமக்கும் ரெங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்க விழைவதே கதை. அவன் நடக்கின்றான், நாமும் உடன் நடக்கின்றோம். எந்த வளைவில் மூட்டையை இறக்குவது, எங்கே தேநீர் குடிப்பது, யாரிடம் யாது செய்தி சொல்லிச் செல்வது என்பன யாவும் தொழிலின் ஒழுங்காகவே நிகழ்கின்றன. மலையின் அழகு குறைந்ததோவெனின் இல்லை. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் அது கூடியே உளது. ஆனால் அவ்வழகு சுமப்பவனின் மூச்சுக்குப் பின்னே வருகின்றது. இறுதியில் அவன், தான் வாங்கி இழந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலனாய் அமர்கின்றான். யாரும் அழவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் அழவில்லை. நெடுநேரம் யாரும் தொலைக்காட்சியை நிறுத்தவுமில்லை.

நம் நாட்டு மலையிலேயே எடுக்கப்பட்ட பிரசன்ன விதானகேயின் ‘பாரடைஸ்’ 2023ஆம் ஆண்டுப் படம். 2022இன் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இராமாயணத் தலங் காணவந்த கேரளத் தம்பதியரின் பொருள்கள் களவு போகின்றன. தோட்டத் தமிழர் சிலர் ஐயத்தின்பேரிற் பிடிக்கப்படுகின்றனர். ஒருவர் அடிபட்டு இறக்கின்றார். காவலரின் மனமும் கணவன் மனைவியரின் மனமும் நுணுகி ஆராயப்பட்ட சிறந்த படம் இது. ஆயினும் இறந்தவன் யார், அன்று காலை அவன் எந்த மலைக்குப் பெரட்டில் நிறுத்தப்பட்டான் என்பதை நாம் அறிகிலோம். அவனை யாரும் அறிய முயலாமையே படத்தின் கருத்து என ஒரு நண்பர் வாதித்தார். அவர் வாதத்தை முற்றும் மறுக்க இயலவில்லை. எனினும் பாட்டிற் பின்னணியாய் நின்றவன் இங்கே பிணமாய்க் கிடப்பது வளர்ச்சியோ என்று என் மனம் ஐயுறுகின்றது.

தொடர்களைப் பற்றி விரித்தல் வேண்டா. படிக்கட்டு வைத்த மாளிகைகளில் நடக்கும் சூழ்ச்சிகள் எனக்கு உவப்பல்ல. ஆயின் 2002இல் தொடங்கிய ‘மெட்டி ஒலி’, ஐந்து பெண்களைப் பெற்ற தந்தையின் கவலையை ஒளியாமற் சொன்னமையால், அதனை எள்ளியவரோடு நான் சேர்ந்ததில்லை. டிஷ் அன்டெனா இருந்த அயல்வீட்டில் அதைப் பார்த்த பெண்கள் மறுநாள் மலையில் அக்குடும்பத்தைத் தம் உறவினர்போலப் பேசிக்கொண்டனர்.

சப்பிரகமுவாவில் வாழ்வோர்க்கு இன்னுமொரு குறை உண்டு. திரை அறிந்த தோட்டம் தேயிலைத் தோட்டமே. யட்டியாந்தோட்டை, தெகியோவிற்றைப் பக்கங்களில் விடியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் சாய்வாகப் பட்டையைச் சீவி, சிரட்டையிற் பால் ஏந்துவோரை முதன்மையாக வைத்த ஒரு தமிழ்ப் படத்தை நான் கண்டதில்லை. இறப்பர்க் காடு இருண்டது. அங்கே கம்பளம் இல்லை. அதனாற்போலும் பாட்டும் இல்லை.

சென்ற ஆண்டு “எங்கள் ஊர்” என்பதை விடுத்து, “இன்று காலை எங்கள் வீட்டில்” எனத் தலைப்பு மாற்றிக் கொடுத்தேன். ஒரு மாணவி, தன் தந்தை நெற்றியில் விளக்குக் கட்டிப் பால் வெட்டப் போனதையும், பாதியில் மழை பிடித்துக்கொள்ளச் சிரட்டைகளில் நீர் நிறைந்ததையும், அவர் வெறுங்கையோடு திரும்பிக் கத்தியைத் துடைத்து இறவாணத்திற் செருகியதையும் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். கட்டுரையைத் தரும்போது, “சேர், இதெல்லாம் எழுதலாமா?” என்று கேட்டாள். எழுத்துப்பிழை ஒன்பது இருந்தன. அவற்றைத் திருத்தி, வகுப்பில் அவளையே எழுந்து வாசிக்கச் சொன்னேன்.